சொல்லுதலும் கேட்டலும்

மனிதன் தன் கருத்தைப் பிறனுக்கு அறிவிக்கும் வகைகள் காலந்தோறும் மாறி வருவன. கால்நடையாகச் சென்று வாயால் சொன்ன காலம் ஒன்று. ஓலை எழுதி ஆள்வசம் அனுப்பிய காலம் ஒன்று. தபாற்காரனை எதிர்நோக்கி வாயிலில் நின்ற காலம் ஒன்று. இன்றோ உள்ளங்கையில் அடங்கும் கருவியொன்று இவையனைத்தையும் செய்கின்றது. இம்மாறுதலைப் புகழவோ பழிக்கவோ நான் எழுதுகோலை எடுக்கவில்லை. செய்தி அனுப்புதல் இவ்வளவு எளிதாகிவிட்ட காலத்தில், ஒருவரை நேரிற் சென்று காணவேண்டிய கடமை எவ்விடத்தில் உண்டு, எவ்விடத்தில் இல்லை என்னும் வினா ஒன்று நம் இல்லங்களில் எழுந்து, முதியோரையும் இளைஞரையும் இரு பக்கமாகப் பிரித்து நிற்கின்றது. அதனையே ஈண்டு ஆராய விரும்புகின்றேன்.

சென்ற மாசி மகத்தன்று நான் செங்கிற்குச் சென்றிருந்தேன். மலாக்கா நகரில் 1781-ஆம் ஆண்டில் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் ஆலயத்திலிருந்து இரதம் புறப்பட்டுச் செங் சன்னாசிமலை ஆண்டவர் ஆலயத்திற்கு வரும் திருநாள் அது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிய பின், ஒரே லயத்தில் வாழ்ந்தவர்கள் திசைக்கொருவராகச் சிதறிப் போயினர். அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் காண்பது பெரும்பாலும் இத்தகைய நாட்களிலேதான். அன்று பந்தலின் கீழ் ஒரு மணி நேரத்திற்குள் இரண்டு முறையீடுகள் என் செவியில் விழுந்தன.

ஒன்று, முப்பது வருஷங்களுக்கு மேல் பால்மரம் வெட்டிய மூதாட்டி ஒருவருடையது. அவருடைய தம்பியின் பேரனுக்குத் திருமணம். அழைப்பிதழ், நம் நாட்டுத் தமிழர் ‘புலனம்’ என்று வழங்கும் வாட்ஸ்அப் வழியாக, அவர் மகனுடைய கைப்பேசிக்கு ஒரு படமாக வந்து சேர்ந்ததாம். “படத்தை அனுப்பிவிட்டால் அழைத்ததாகுமா? என் வீட்டு வாசல் அவர்களுக்குத் தெரியாதா? வெற்றிலை பாக்கு வேண்டாம். வெறுங்கையோடு வந்து, ‘அத்தைப்பாட்டி, வாருங்கள்’ என்று ஒரு சொல் சொல்லக் கூடாதா? நான் போகப் போவதில்லை” என்றார்.

மற்றொன்று, தொழிற்பேட்டை அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கும் பெண்ணினுடையது. “உறவினர் முன்னறிவிப்பின்றி வருகின்றனர். வந்து அமர்ந்ததும், ‘சம்பளம் எவ்வளவு? கல்யாணம் எப்போது? ஏன் இப்படிக் கறுத்துப் போனாய்?’ என்கின்றனர். விடை சொல்லுமுன் அடுத்த வினா வந்துவிடுகின்றது. கைப்பேசி மணி அடித்தாலே எனக்கு நெஞ்சு திடுக்கிடுகின்றது. ‘பேசலாமா?’ என்று ஒரு வரி எழுதிக் கேட்டால் நான் மாட்டேன் என்றா சொல்லப் போகின்றேன்?” என்று அவள் தன் தோழியிடம் கூறிக்கொண்டிருந்தாள்.

இவ்விருவரும் ஒருவரையொருவர் அறியார். ஆயினும் இவர்களுடைய வழக்கே நம் சமூகத்தின் வழக்கு. முதியோர், “இக்காலப் பிள்ளைகளுக்கு மனிதர் முகம் வேண்டியதில்லை” என்கின்றனர். இளைஞர், “முதியோருக்குப் பிறருடைய நேரமும் மனமும் ஒரு பொருட்டில்லை” என்கின்றனர். இவர்களுள் யார் சொல்வது நியாயம்?

முதலில் முதியோர் பக்கத்தைப் பார்ப்போம். நேரிற் பழகுதல் அவர்கள் ஆராய்ந்து தேர்ந்தெடுத்த ஒழுக்கமன்று. அவர்கள் வாழ்ந்த இடம் அவர்களுக்கு அளித்தது. 1896-இல் டான் சாய் யான் என்னும் சீனர் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். அதன்பின் இவ்வட்டாரத்தில் தோட்டங்கள் பெருகின. அவற்றோடு லயங்களும் பெருகின. ஒரு சுவருக்கு இப்பால் ஒருவர் இருமினால் அப்பால் உள்ளவர் மருந்து கேட்பார். விடியுமுன் பெரட்டுக்களத்தில் எல்லோரும் கூடுவர். பொதுக் குழாயடியில் மீண்டும் கூடுவர். “பசியாறியாச்சா?” என்று கேளாமல் ஒருவரை ஒருவர் கடந்து செல்லுதல் பகைமைக்கு அடையாளம். இத்தகைய இடத்தில் வளர்ந்தோர்க்கு, அறிவித்துவிட்டு வருபவன் அந்நியன். அறிவியாமல் வருபவனே உறவினன்.

ஆனால் அவர்கள் கடிதத்தின் அருமையை அறியாதவர்களா? அல்லர்; நம்மினும் நன்கு அறிந்தவர்கள். 1926 முதல் ஏறக்குறைய அரை நூற்றாண்டுக் காலம் தமிழகத்துத் துறைகளுக்கும் பினாங்கு, சிங்கப்பூர் துறைகளுக்கும் இடையே ஓடிய ‘ரஜுலா’ கப்பலில் வந்திறங்கியோர் எத்தனையோ ஆயிரவர். அவர்களுள் பலர் தாய் தந்தையரை மறுபடியும் கண்டதில்லை. எழுத்தறியாத தொழிலாளி, கிராணியையோ தமிழ்ப்பள்ளி ஆசிரியரையோ நாடி, தன் உள்ளத்தை அவர் கையால் எழுதுவிப்பான். பதில் வந்தால் ஒருவர் வாசிக்க, லயமே சூழ்ந்து நின்று கேட்கும். 1942-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மலாக்கா ஜப்பானியர் வசமான பின், 1945 வரை இந்தியாவிலிருந்து தபால் வருவது அற்றுப்போயிற்று. சயாம்–பர்மா ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்டவர்களைப் பற்றி, பிழைத்து மீண்டவர் வாய்ச்சொல்லன்றி வேறு செய்தியில்லை. ஒரு வரி எழுத்துக்காக ஏங்கிய அம்மக்களின் வழிவந்தோர், எழுத்தை அற்பமென்று எண்ணமாட்டார்கள். அவர்களுக்குக் கடிதம் என்பது நேரிற் செல்ல முடியாதபோது செல்வது. செல்லக்கூடிய தூரத்தில் இருந்துகொண்டே செய்தி விடுப்பதுதான் அவர்களுக்கு விளங்கவில்லை.

இனி இளைஞர் பக்கம். நேரிற் காணும் வாழ்க்கையை நாம் இனிதென்று நினைந்து பாடுவது எளிது. ஆனால் யாருடைய முகத்தை யார் கண்டனர் என்றும் வினவ வேண்டும். கூலியாள் துரையின் எதிரே நின்றதும் நேர்முகந்தான்; கங்காணியின் முன் கைகட்டி நின்றதும் நேர்முகந்தான். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு அவர்கள் கேட்டவற்றுள் ஒன்று யாது? துரையைக் கண்டால் சைக்கிளினின்று இறங்கவேண்டும் என்னும் கட்டாயம் ஒழிய வேண்டுமென்பது. எதிரே வரும் முகம் ஒன்றைக் கண்ட அளவிலே தன் மானத்தைக் கீழிறக்கி வைக்கவேண்டியிருந்தது என்றால், அந்த நேர்முகத்தில் என்ன இனிமை கண்டோம்?

துரைக்கு முன் நின்ற தொழிலாளி, தன் வீட்டிற்குள் தானே ஒரு துரையாக இருந்ததும் உண்டு. தந்தையின் எதிரே மகன் அமரமாட்டான். மாமனார் எதிரே மருமகள் வாய் திறவாள். ‘முகதாட்சண்யம்’ என்று நாம் சொல்லும் பண்பு எத்தனை பெண்களை வேண்டாத திருமணத்திற்குத் தலையசைக்கச் செய்தது! மறைமலையடிகள் 1921-இல் ‘கோகிலாம்பாள் கடிதங்கள்’ என்னும் புதினத்தை வெளியிட்டார். அது முழுதும் கடிதங்களாகவே அமைந்தது. இளமையிலேயே கைம்பெண்ணான ஒருத்தி தன் உள்ளத்தைத் திறக்க எழுத்தையன்றி அக்காலத்தில் வேறு வாயில் எது இருந்தது? வாயால் சொல்ல முடியாதவர்களுக்கு எழுத்து ஒரு புகலிடமாக இருந்திருக்கின்றது.

எனக்குத் தெரிந்த இல்லம் ஒன்றில் நிகழ்ந்ததைச் சொல்கின்றேன். பெண் பார்த்துச் சென்றார்கள். தந்தைக்கு மிகவும் பிடித்துவிட்டது. அன்றிரவு அடுத்த அறையிலிருந்து மகள் தந்தையின் கைப்பேசிக்கு நீண்டதொரு செய்தி எழுதினாள்: இத்திருமணம் வேண்டாம், படிப்பை முடிக்க இரண்டு வருஷம் வேண்டும் என்பது அதன் சாரம். தந்தை சினந்தார். “ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டு எழுதுவதா? எழுந்து வந்து சொல்ல வாயில்லையா?” என்று சத்தமிட்டார். பிறகு உறக்கம் வராமல் அதனை மறுபடி வாசித்தாராம். அவரே என்னிடம் கூறினார்: “அவள் பேசத் தொடங்கினால் இரண்டாவது சொல்லிலேயே நான் குறுக்கிடுவேன். அன்றுதான் என் மகள் சொல்வதை முதலிலிருந்து முடிவு வரை கேட்டேன்.” திருமணப் பேச்சு நின்றது; மகள் படிப்பைத் தொடர்ந்தாள். எழுதியவளைக் கோழை என்று சொல்வோமா? தன் முகத்தைக் கண்டால் பிறர் வாயடைத்துப் போகும்படி நடந்துகொண்டவர் அன்றோ, அவள் எழுத நேர்ந்ததற்குக் காரணம்?

இவ்வளவும் சொன்னபின், என் குற்றம் ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒரே தோட்டத்தில் ஒரே லயத்தில் என்னோடு வளர்ந்த நண்பர் ஒருவர் இரண்டு வருஷங்களுக்கு முன் செங்கில் காலமானார். நான் கோலாலம்பூரில் இருந்தேன். பிரயாணம் இரண்டு மணி நேரத்திற்குச் சற்று மிகுதி. அன்று எனக்கு விட்டுவிட முடியாத வேலை எதுவுமில்லை. எனினும் நான் செல்லவில்லை. அரைமணி நேரம் அமர்ந்து, அடித்துத் திருத்தி, நல்ல தமிழில் இரங்கற் செய்தி ஒன்று எழுதி அவர் மனைவியாருக்கு அனுப்பினேன். எழுதி முடித்தபோது என் கடமை நிறைவேறியதாகவே எண்ணினேன். உண்மை யாதெனில், அவ்வம்மையாரின் அழுத முகத்தைக் காண நான் அஞ்சினேன். என்ன சொல்வதென்று தெரியாமல் நிற்பதற்கு அஞ்சினேன். எழுத்து என் அச்சத்திற்கு ஒரு நல்ல திரையாயிற்று. இளைஞரைக் குறைகூறும் வயது எனக்கு வந்துவிட்டது. ஆனால் அவர்களிடம் காணும் அதே குறை என்னிடமும் இருந்தது.

அந்த மாசி மகத்தன்று அவ்வம்மையாரைக் கூட்டத்தில் தொலைவிலேயே கண்டேன். கண்டும் காணாததுபோல் விலக முயன்றேன். அவரே நேராக வந்தார். “அண்ணன் அனுப்பியதை மகன் படித்துக் காட்டினான். நன்றாக எழுதியிருந்தீர்கள். ஆனால் அவர் கடைசி நாட்களில் உங்களைப் பற்றி, நீங்கள் இருவரும் பள்ளிக்குப் போன பாதையைப் பற்றி எவ்வளவோ பேசினார். நீங்கள் வந்தால் சொல்லலாம் என்றிருந்தேன்” என்றார். அதற்கு மேல் அவர் ஒன்றும் கூறவில்லை. கடிந்திருந்தாலும் தாங்கியிருப்பேன்.

அன்றுதான் எனக்கு ஒன்று விளங்கிற்று. துக்கம் விசாரித்தல் என்றால் நாம் சென்று ஆறுதல் சொல்லுதல் என்று அதுவரை எண்ணியிருந்தேன். ‘விசாரித்தல்’ என்னும் சொல்லிலேயே உண்மை இருக்கின்றது: கேட்டறிதல். சொல்ல வேண்டியவர் அவர். கேட்க வேண்டியவன் நான். நான் சொல்ல வேண்டியதை மட்டும் அழகாகச் சொல்லிவிட்டு, கேட்க வேண்டியதைக் கேளாமல் விட்டேன். செய்தி சொல்லும், ஆனால் எதிரே அமர்ந்து, பிறர் தயங்கும்போது காத்திருந்து கேட்க அதனால் ஆகாது. திருவள்ளுவர் ‘குறிப்பறிதல்’ என்னும் பெயரில் இரண்டு அதிகாரங்கள் வகுத்தார். பொருட்பாலில் 71-ஆவது, இன்பத்துப்பாலில் 110-ஆவது. அரசியலாயினும் காதலாயினும், வாய் சொல்லாததை முகத்தினின்று அறிதல் ஓர் அறிவு என்பதே இதனாற் பெறப்படுவது. அவ்வறிவுக்கு எதிரே ஒரு முகம் வேண்டும்.

இவ்வெண்ணத்தோடு திரும்பிச் சென்று, திருமணத்திற்குப் போவதில்லை என்றிருந்த அம்மூதாட்டியின் அருகில் அமர்ந்தேன். “அந்தப் பிள்ளை நேரில் வந்திருந்தால், அம்மா, நீங்கள் அவனிடம் என்ன சொல்லியிருப்பீர்கள்?” என்று கேட்டேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “அவன் தாத்தா, என் தம்பி, கொரோனாக் காலத்தில் ஜொகூரில் செத்துப்போனான். என்னால் போய் முகம் பார்க்க முடியவில்லை. அக்காள் வரவில்லையே என்று அந்த வீட்டில் நினைத்திருப்பார்கள். எனக்கு வழி விடவில்லை என்று அவர்களிடம் நேரில் சொல்ல வேண்டும்” என்றார்.

2020 மார்ச்சு 18-ஆம் நாள் நம் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறைக்கு வந்தது. பலமுறை அடைபட்டும் திறந்தும் வந்த மாநில எல்லைகள், தடுப்பூசி முழுமையாகச் செலுத்திக்கொண்டவர்களுக்கு 2021 அக்டோபர் 11-இல் திறந்துவிடப்பட்டன. அவ்விடைக்காலத்தில் எத்தனை வீடுகளில் இப்படிச் சொல்லப்படாத சொற்கள் தங்கிப்போயின! மூதாட்டி வெற்றிலை பாக்கு மரியாதையை எதிர்பார்த்து வீம்பு கொண்டிருக்கிறார் என்றே நான் முதலில் எண்ணியிருந்தேன். அவர் எதிர்பார்த்ததோ, தாம் சொல்வதைக் கேட்க ஒருவர் வாசலுக்கு வருவதை. நம் முன்னோர் வீடு வீடாகச் சென்று அழைக்கும் வழக்கத்தை வைத்ததன் பயனும் இதுவே போலும். அழைக்கச் சென்ற இடத்தில் பழைய மனத்தாங்கல்கள் வெளிவரும். கேட்டுக்கொண்டு ஒருவாய்த் தண்ணீர் குடித்து எழுந்தால் பாதி தீர்ந்துவிடும். படமாக வரும் அழைப்பிதழ் நாளையும் இடத்தையும் பிழையின்றிச் சொல்லும். அவ்வளவே அதனால் இயலும்.

அதே கொரோனாக் காலத்தை இளைஞர் பொருட்டும் நினைக்க வேண்டும். பள்ளிச் சிறுவர் பலர் நண்பர்களோடு சண்டையிட்டுக் கூடி மகிழ வேண்டிய மாதங்களைத் திரையின் முன் கழித்தனர். லயத்தில் பிறந்த பிள்ளை நூறு முகங்களிடையே நடக்கக் கற்றது. அடுக்குமாடியில் பிறந்த பிள்ளைக்கு அப்பயிற்சி கிட்டவில்லை. ஆகவே அவர்களுடைய தயக்கத்தைத் திமிர் என்று சொல்லுதல் தகாது. நீந்தப் பழகாதவன் நீரைக் கண்டு அஞ்சுவதில் வியப்பென்ன? அவனைக் கரையில் நின்று ஏசுவதால் அவன் நீந்தக் கற்பானா?

முதியோரும் இக்கருவியைத் தங்கள் வழியில் கைக்கொண்டுவிட்டனர் என்பதையும் கவனிக்க வேண்டும். விடியற்காலையில் மலர்ப்படத்தோடு ‘காலை வணக்கம்’ நாள்தோறும் வருகின்றது. ஐந்து நிமிஷக் குரற்பதிவு வருகின்றது. இளைஞர் இவற்றைத் தொல்லை என்று திறவாமலே தள்ளுகின்றனர். அந்த மலர்ப்படம் வேறொன்றுமன்று, லயத்துப் பாதையில் கேட்ட “பசியாறியாச்சா?” என்பதன் இன்றைய வடிவம். “நான் இருக்கின்றேன்; நீ இருக்கின்றாயா?” என்பதே அதன் பொருள். அதற்கு ஒரு சொல் பதில் எழுதுவதில் யாருக்கும் குறைவு வந்துவிடாது.

நேரிற் காணாமலே அன்பு வளரும் என்பதற்கு நம் இலக்கியத்திலேயே சான்றுண்டு. பிசிராந்தையார் பாண்டி நாட்டில் வாழ்ந்தவர். கோப்பெருஞ்சோழன் உறையூரில் இருந்தவன். ஒருவரையொருவர் காணாமலே நண்பராயினர் என்பதைப் புறநானூறு காட்டுகின்றது. முகம் பாராத நட்பு நட்பாகாது என்று சொல்லும் முதியோர்க்கு இது விடை. ஆனால் சோழன் வடக்கிருந்த காலத்தில் ஆந்தையார் என்ன செய்தார்? செய்தி விடுத்துவிட்டு இருந்தாரா? உடனிருந்தோர் ஐயுற்றபோதும், நண்பன் வருவான் என்று சோழன் இடம் ஒதுக்கச் செய்தான், புலவரும் வந்தார், தாமும் வடக்கிருந்து உயிர் நீத்தார். எல்லாம் செய்தியாலேயே ஆகுமென்று எண்ணும் இளைஞர்க்கு இது விடை.

ஆகவே நேரிற் செல்லுதல் உயர்ந்தது, எழுதுதல் தாழ்ந்தது என்று பொதுப்படக் கூறுதல் பொருந்தாது. கேட்கவேண்டியவர் யார் என்று பார்க்க வேண்டும். பிறர் சொல்ல, நாம் கேட்கவேண்டிய இடத்திற்கு நேரிற் செல்ல வேண்டும். சாவு வீடு அத்தகையது. நோயாளியின் படுக்கை அத்தகையது. நாம் தீங்கிழைத்து மன்னிப்புக் கோரும் இடம் அத்தகையது. மனத்தாங்கல் உள்ள உறவினரை நல்ல காரியத்திற்கு அழைக்கும் வாசலும் அத்தகையது. அங்கெல்லாம் எழுத்தை முன்னே அனுப்பி நாம் பின்னே ஒளிந்துகொள்ளுதல் அறமன்று. அன்றியும், நம் வயதையோ பதவியையோ கண்டு பிறர் சொல்லத் தயங்கும் இடத்தில், அவர் எழுதட்டும் என்று விட்டு, எழுதியதை முழுதும் வாசித்தல் வேண்டும். அங்கே, “நேரில் வந்து சொல்” என்று வற்புறுத்துதல் மரியாதையைக் கேட்பதன்று. அவர் வாயை அடைப்பதே ஆகும்.

பெரியோர்களே! இளையவர் வீட்டிற்குச் செல்லுமுன் ஒரு வரி எழுதிக் கேட்பதால் உறவு தேய்ந்துவிடாது. சென்றபின் வினாக்களைக் குறைத்துச் செவியைத் திறந்து வையுங்கள். கேட்கும் செவி உண்டென்று கண்டால் அவர்கள் தாமே வருவர். இளைஞர்களே! நெஞ்சு திடுக்கிடுவது குற்றமன்று, எனக்கும் திடுக்கிட்டது. என்ன சொல்வதென்று தெரியாவிட்டாலும் செல்லுங்கள். அங்கே நீங்கள் சொல்லவேண்டியது மிகச் சிறிது. பக்கத்தில் அமர்ந்திருந்தால் போதும்.

நான் அடுத்த வாரமே மறுபடியும் செங்கிற்குச் சென்று, நண்பருடைய இல்லத்தில் ஒரு மாலை முழுதும் அமர்ந்திருந்தேன். செல்லுமுன் அவ்வம்மையாரின் மகனுக்கு ஒரு செய்தி அனுப்பி, வரலாமா என்று கேட்டுக்கொண்டேன். நான் பேசியது பத்துச் சொற்களுக்கு மேல் இராது. பள்ளிக்குப் போன அந்தப் பாதையைப் பற்றி நான் மறந்திருந்த பல செய்திகளை அவர் சொல்லக் கேட்டேன்.